படி இல்லாத பலகை மாடி

மாரியம்மாளின் வலது கால் பலகையை உடைத்துக்கொண்டு முழங்கால் வரை கீழே போனபோது சண்முகப்ரியா ஒரு பீங்கான் ஒட்டகத்துக்குக் கண் வரைந்துகொண்டிருந்தாள். முதலில் சத்தம்தான் கேட்டது. காய்ந்த மட்டையை முறிப்பது போல ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால், தட்டு நிறைய வெள்ளைப் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு வந்த மாரியம்மாள் பாதி ஆளாகக் குறுகிப்போய் உட்கார்ந்திருந்தாள். ஆடுகளும் மாடுகளும் அவளைச் சுற்றித் தலை வேறு கால் வேறாகச் சிதறிக் கிடந்தன.

“கால எடுக்க முடியலம்மா,” என்றாள் மாரியம்மாள். அழவில்லை. உடைந்த பொம்மைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட வேலை செய்த கமலமும் கண்ணம்மாளும் அவள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். கெண்டைக்கால் சதை நீளமாகக் கிழிந்திருந்தது. ப்ரியா உள்ளே ஓடி ஒரு பழைய புடவையைக் கிழித்து வந்து இறுக்கிக் கட்டினாள். “இப்படி, இந்தப் பக்கமா எறக்குங்க” என்று வெளிப்படியைக் காட்டினாள். ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு, ஆடுகிற அந்த மரப்படியில் ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினார்கள். பின்சந்தில் ஆட்டோ வந்து நின்றது. அரசு ஆஸ்பத்திரியில் பதினொரு தையல் போட்டார்கள். இரண்டாயிரத்து நாலாம் வருஷம், வைகாசி முடியப்போகிற சமயம்.

விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் இருந்த அந்த வீட்டை ப்ரியாவின் மாமனார் ராஜமாணிக்கம் ஒரு ரயில்வேக்காரரிடமிருந்து வாங்கியிருந்தார். மாடியில் ஓர் அறை. அந்த அறையின் பின்கதவைத் திறந்தால், பத்தடி உயரத்தில் ஆறு தூண்கள் மேல் ஒரு பலகைத் தளம். ரயில்வேக்காரர், லைனிலிருந்து கழித்துப்போட்ட சிலிப்பர் கட்டைகளை ஏலத்தில் எடுத்துத் தூணும் உத்திரமுமாக நிறுத்தி, மேலே பலகை அடித்து, சந்துப் பக்கமாக ஒரு மரப்படியும் இறக்கியிருந்தார். பலகை மாடி என்றுதான் வீட்டில் சொல்வார்கள். கருத்த மரம். வெயில் காலத்தில் அதிலிருந்து தார் வாசனை வரும்.

ஆறு வருஷத்துக்கு முன் புருஷன் ராஜ்மோகன் மஸ்கட்டுக்குப் போன பிறகு, ப்ரியா பீங்கான் பொம்மைக்கு வண்ணம் தீட்டப் பழகினாள். தொழிற்பேட்டையில் சின்ன யூனிட் வைத்திருந்த ஞானதாஸ் அவளுக்கு வேலை கொடுத்தார். கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள். மாதா, சூசையப்பர், குழந்தை, மூன்று ராஜாக்கள், ஆடு, மாடு, ஒட்டகம். மகள் கயல்விழி கடலூரில் ஹாஸ்டலில் படித்தாள். பகல் பூராவும் ப்ரியாவுக்கு அந்தப் பலகை மாடிதான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த காலனியிலிருந்து மூன்று பெண்கள் ஒன்பது மணிக்குப் பின்சந்து வழியாக வந்து, மரப்படி ஏறி, தகரக் கூரை போட்ட நிழலில் உட்கார்ந்து வேலை செய்துவிட்டு, ஐந்து மணிக்கு வந்த வழியே இறங்கிப் போவார்கள். கீழே ஹாலில் ராஜமாணிக்கம் பேப்பர் படிப்பார். மாமியார் தங்கம்மாள் சமைப்பாள். மேலே யார் வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று அவர்கள் கேட்டதில்லை. ப்ரியாவும் சொன்னதில்லை. அந்தப் படி இருந்த வரைக்கும் யாரும் யாரையும் கேட்கவேண்டிய அவசியமே வரவில்லை.

மாரியம்மாள் விழுந்த அன்று சாயங்காலமே ராஜமாணிக்கம் மேலே வந்து, ஓட்டையைக் குனிந்து பார்த்தார்.

“உசுரு போற விஷயம்மா இது. பிரிச்சிட்டுப் புதுசாப் போட்டுடலாம்.”

ப்ரியா எத்தனையோ தடவை பயந்து பயந்து கேட்ட காரியம். அவராகவே சொன்னதில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “சரிங்க மாமா” என்றாள்.

மரவேலை மேஸ்திரி விருத்தகிரி மறுநாளே வந்தார். தூணின் அடியில் ஒரு திருப்புளியைக் குத்தினார். புட்டுக்குள் இறங்குவது போலப் பிடி வரைக்கும் இறங்கியது. “மேல பாத்தா கல்லாட்டம் இருக்குது, மண்ணுக்குள்ள இருக்கறதெல்லாம் போயிடுச்சி. ஆறுல நாலு தூணு சும்மா பேருக்குத்தான் நிக்குது” என்றார். இவ்வளவு நாள் அதன்மேல்தான் நான்கு பேர் உட்கார்ந்து பொம்மைக்குச் சிரிப்பு வரைந்திருந்தார்கள்.

மூன்று நாளில் எல்லாவற்றையும் பிரித்துவிட்டார்கள். அரையடி நீள ஆணிகள் ஒவ்வொன்றும் கத்திக்கொண்டே வெளியே வந்தன. மரப்படியைக் கடைசியாகச் சாய்த்தார்கள். வேலை முடிந்ததும் விருத்தகிரி மேலே வந்து, பின்கதவைச் சாத்தி, குறுக்கே இரண்டு பலகை வைத்து ஆணி அடித்தார். “பழக்கதோஷத்துல தொறந்து காலை வச்சிடப் போறீங்க. கொஞ்ச நாளைக்கி இப்படியே கெடக்கட்டும்.”

கொஞ்ச நாள் என்பது வாரமாகி, வாரம் மாதமாகியது. மரம் வந்துசேரவில்லை. வரும் வரும் என்று டிப்போவில் சொன்னார்கள். மரம் வந்தபோது விருத்தகிரி மங்களூர் பக்கம் ஒரு கல்யாண வீட்டு வேலைக்குப் போயிருந்தார்.

அந்த அறைக்கு அந்தக் கதவைத் தவிர வெளிச்சம் வர ஒரு பக்கவாட்டு ஜன்னல்தான் உண்டு. ஆனி வெயிலில் மேல்தளம் காய்ந்து, மத்தியானத்தில் சுவரில் கை வைக்க முடியாது. பின்படி இல்லாததால் அந்த மூன்று பெண்களும் வரவில்லை; ப்ரியா டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு தனியாக வேலை செய்தாள். பெயிண்ட் வாசனை வெளியே போக வழியில்லாமல் தலைக்குள் ஏறி நின்றது. ஒரு செட்டை முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்து முகம் கழுவ வேண்டியிருந்தது.

கீழே போக உள்படிதான். உள்படி இறங்குகிற இடத்தில் மாமனாரின் கட்டில் இருந்தது.

“எங்கம்மா?”

“கடைக்கி மாமா. ப்ரஷ் தீந்துடுச்சி.”

“நான் வாங்கியாறேன். வெயில்ல நீ ஏன்?”

அவர் குரலில் கோபமே இருக்காது. உண்மையாகவே செருப்பைப் போட்டுக்கொண்டு போய், தவறான நம்பர் ப்ரஷ்ஷை வாங்கி வருவார். இத்தனை வருஷமாகப் பின்படியில் இறங்கிப் போய் வந்தவளுக்கு, இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் தயார் செய்துகொள்ள வேண்டியிருந்தது. நாளாக ஆக, காரணம் யோசிக்கச் சலித்துப்போய் அவள் இறங்குவதையே குறைத்துக்கொண்டாள். ஒரு நாள் சாயங்காலம், அன்று முழுக்கச் சாப்பாட்டுக்குத் தவிர அறையை விட்டு வெளியே வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. முந்தின நாளும் அப்படித்தான். எழுந்து போய், அடித்து மூடிய கதவின் இடுக்கில் மூக்கை வைத்து நின்றாள். வெளியே காற்று இருந்தது. இடுக்கு வழியாக வந்த அளவுக்கு அதை இழுத்துக்கொண்டாள்.

ஆடி பிறந்து விருத்தகிரி வந்தார். இந்த முறை தூணை மண்ணில் புதைக்கவில்லை. கான்கிரீட் அடி போட்டு, அதில் இரும்புப் பட்டையை நிறுத்தி, அதற்குள் தூணை வைத்து போல்ட்டு முடுக்கினார். தண்ணீர் தேங்காது, கரையான் ஏறாது என்றார். ப்ரியா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். உத்திரங்கள் ஏறின. உத்திரத்துக்கு உத்திரம் சட்டங்கள் ஓடின. மழைத் தண்ணீர் வடிய, பலகைக்குப் பலகை கால் அங்குலம் இடைவெளி விட்டு அடித்தார்கள். ஒவ்வொரு ஆணி இறங்கும்போதும் அவளுக்குள் ஏதோ இளகியது. கதவைத் திறந்துவிட்டார்கள். இனி சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

கைப்பிடிக்குச் சட்டம் நிறுத்திய அன்றுதான் கவனித்தாள். சந்துப் பக்கம், படி வந்து சேரவேண்டிய இடத்திலும் சட்டம் ஒரே நீளமாக ஓடியிருந்தது.

“மேஸ்திரி, படிக்கு எடம் வுடலியே?”

விருத்தகிரி இழைப்புளியைக் கீழே வைத்தார். அவளைப் பார்க்காமல் மரச் சுருள்களைக் காலால் ஒதுக்கினார். “ஒங்ககிட்ட சொல்லலீங்களா? ஐயா படி வேணாம்னுட்டாரு. சுத்தி கம்பி கிராதி அடிக்கச் சொல்லியிருக்காரு. மேல வரைக்கும்.”

“எப்ப சொன்னாரு?”

“மொத நாளே சொல்லிட்டாருங்கம்மா.”

ப்ரியா கீழே இறங்கினாள். மாமனார் கேட்பதற்கு முன் அவளே கேட்டாள்.

“படி வேணாம்னு சொன்னீங்களா மாமா?”

ராஜமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றினார். “ஒக்காரும்மா. ராஜு ஊர்ல இல்ல. நீ ஒண்டியா மேல இருக்கற. பின்பக்கம் தொறந்து கெடந்தா எவன் ஏறி வரான்னு யாருக்குத் தெரியும்? ஒன் நல்லதுக்குத்தான். காத்தாட ஒக்காரு, வேலை செய்யி, யாரு வேணாங்கறா?”

“மாரியம்மாவங்கல்லாம் எப்படி மேல வருவாங்க?”

சமையலறையில் தங்கம்மாளின் கரண்டிச் சத்தம் நின்றது.

“பின்னால மாட்டுக் கொட்டாய் சும்மாதான் கெடக்குது. மெழுவித் தரச் சொல்றேன். அங்க ஒக்காந்து செய்யட்டும்.”

“உள்படி வழியா வரட்டுமே மாமா.”

“நடுவூட்ல நடந்தா?” என்று தங்கம்மாள் உள்ளிருந்தே கேட்டாள். “பேசறதப் பாத்து பேசு ப்ரியா.”

ஞாயிற்றுக்கிழமை ராஜ்மோகன் போன் செய்தான். எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் இரைச்சலுக்கு நடுவே அவன் பெருமூச்சு கேட்டது. “அப்பா சொல்றதுல என்னா தப்பு? ஒரு படிக்காக ஏன் வூட்ல சண்டை? நான் வந்து பாத்துக்கறேன்” என்றான். எப்போது வருவான் என்று கேட்டாள். அடுத்த வருஷம் கடைசியில் என்றான். போன் ஹாலில், மாமனாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை.

மறுநாள் காரணம் எதுவும் சொல்லாமல் வாசல் வழியாக வெளியே போனாள். லெவல் கிராசிங் தாண்டிக் காலனிக்குப் போய், மாரியம்மாள் வீடு எது என்று விசாரித்தாள். ஆறு வருஷமாக அந்தப் பெண்கள் தன் இடத்துக்கு வருகிறார்கள், தான் இங்கே வருவது இதுதான் முதல் தடவை என்பது நடக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் இறக்கியிருந்தது. மாரியம்மாள் அதன் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தவளை ப்ரியா வேண்டாம் என்று தடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் ஆறியிருந்தது. தையல் போட்ட இடம் கயிறு மாதிரி புடைத்திருந்தது.

ப்ரியா விஷயத்தைச் சொன்னாள். வழியெல்லாம் யோசித்து வந்ததையும் சொன்னாள். “நாளைக்கி நான் வந்து ஒங்க மூணு பேரையும் கூட்டிட்டுப் போறேன். வாசல் வழியாவே போவோம். யாரு என்ன சொல்றாங்கன்னு நான் பாத்துக்கறேன்.”

மாரியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். “நீங்க பாத்துப்பீங்க. அவங்க என்னத்தானம்மா பாப்பாங்க?”

ப்ரியாவின் பார்வை அந்தத் தழும்பில் போய் நின்றது.

“அன்னைக்கி கால் கிழிஞ்சி ரத்தம் கொட்டுச்சே, ஒங்க ரூமுக்குள்ள சிமெண்டு படி இருந்திச்சி. பத்து எட்டுதான். அதுல எறக்கியிருந்தா நோவாம எறங்கியிருப்பேன். நீங்கதான் இந்தப் பக்கம்னு கையக் காட்டுனீங்க.”

அப்படிக் காட்டியது ப்ரியாவுக்கு நினைவிருந்தது. ஏன் காட்டினோம் என்று தேடிப் பார்த்தாள். யோசித்துக் காட்டவில்லை. கை தானாகப் போயிருந்தது. அவள் முகம் சூடாகி, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் முறத்திலிருந்த கல்லையும் நெல்லையும் பார்த்தாள்.

“திட்டறேன்னு நெனைக்காதீங்க,” என்றாள் மாரியம்மாள். “ஒங்களுக்கு அது தோணல. எங்களுக்குந்தான் தோணல, கமலமும் அந்தப் பக்கமாத்தான் தூக்கினா. ஆனா ஒங்க மாமனாரோட நீங்க போடற சண்டைக்கி நான் வந்து நடுவூட்ல நிக்க முடியாதும்மா. கொட்டாயிலயும் ஒக்கார மாட்டேன். பொம்மைய இங்க எடுத்தாங்க. எடம் இருக்குது, வெளிச்சம் இருக்குது. நீங்க வரதுன்னா வாங்க.”

சொல்லிவிட்டு மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் போயிற்று. புதுப் பலகை மாடியில் கிராதி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கம்பியாக வரிசை நகர்ந்து நகர்ந்து வந்தது. மூன்றாம் நாள் ஞானதாஸுக்குப் போன் செய்து, மீதிப் பெட்டிகளைக் காலனிக்கே கொண்டுபோய் இறக்கிவிடச் சொன்னாள். அவர் காரணம் கேட்கவில்லை. “கார்த்திகைக்குள்ள வந்துடுமாங்க?” என்று மட்டும் கேட்டார். ஹாலில் நின்றுதான் பேசினாள். அவள் பேசி முடிக்கும் வரை ராஜமாணிக்கம் பேப்பரின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ப்ரஷ் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது தங்கம்மாள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“போறது போற. ஒன்னக் கட்டியா போட முடியும்? ஆனா வந்தா, பின்னால அடிபம்புல தலைக்கி ஊத்திக்கிட்டுத்தான் உள்ள வரணும். பூசை ரூமு இருக்கற வூடு.”

“சரிங்க அத்தை,” என்று ப்ரியாவின் வாய் சொல்லிவிட்டது.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. திரும்பிப்போய் முடியாது என்று சொல்லியிருக்கலாம். அப்புறம் எங்கே போவது? வீடு மாமனார் பேரில். புருஷன் கடலுக்கு அந்தப் பக்கம். நல்லூரில் அம்மா வீட்டில் அண்ணன் குடும்பமே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. லெவல் கிராசிங்கில் கேட் போட்டிருந்தார்கள். கூட்ஸ் வண்டி ஒவ்வொரு பெட்டியாகக் கடந்து முடிகிற வரைக்கும் அவள் அந்த “சரிங்க”வையே நினைத்துக் கூசிப்போய் நின்றாள்.

மாரியம்மாள் வீட்டு முன்னால் பாய் விரித்து நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். முதல் வாரம் யாருக்கும் பேச்சு சரியாக வரவில்லை. இது அவள் இடமில்லை என்பதால், தண்ணீர் குடிக்கக்கூட ப்ரியா கேட்க வேண்டியிருந்தது. “யக்கா, கொஞ்சம் தண்ணி” என்று ஒரு நாள் மாரியம்மாளைப் பார்த்துக் கேட்டாள். மாரியம்மாள் அவளைவிடப் பத்து வயது மூத்தவள். ஆறு வருஷமும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தாள். கண்ணம்மாள் ப்ரஷ்ஷை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். மாரியம்மாள் சொம்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

ஆவணி மழையில் ப்ரியாவுக்குச் சளி பிடித்தது, விடவில்லை.

“என்னாம்மா தெனம் மூக்க உறிஞ்சறீங்க? ராத்திரில குளிக்கறீங்களா?” என்று கமலம் கேட்டாள்.

“தண்ணி ஒத்துக்கல,” என்றாள் ப்ரியா.

மாரியம்மாள் அவள் தலையைப் பார்த்தாள். முந்தின நாள் ஈரம் காயாமல் பின்னியதில் முடி வாடை அடித்தது. மாரியம்மாளுக்குப் புரிந்துவிட்டது என்று ப்ரியாவுக்குத் தெரிந்தது. அவள் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை. இருவரும் அவரவர் ராஜாவுக்குக் கிரீடம் தீட்டினார்கள்.

பலகை மாடி முடிந்த அன்று விருத்தகிரி வார்னிஷ் டப்பாவோடு அவளுக்காகக் காத்திருந்தார். தளம் தேன் நிறத்தில் மினுங்கியது. குதித்தாலும் அசையாது. சுற்றிலும், கூரை வரைக்கும், கம்பி.

“அம்மா, ஒரு வெஷயம்,” என்று குரலைத் தாழ்த்தினார். “சந்துப் பக்கம் ரெண்டு சட்டத்த மட்டும் தனி போல்ட்டுல வச்சிருக்கேன். பின்னால எப்பனா மனசு மாறுனா, அதக் கழட்டிட்டுப் படி எறக்கிடலாம். ஐயாவுக்குத் தெரியாது.”

அந்த மனுஷரின் நல்லெண்ணம் அவளைத் தொட்டது. ஆனால் அந்தப் படியை மனதில் இறக்கிப் பார்த்தபோது, அதில் மாரியம்மாள் ஏறி வருவதாக அவளால் நினைக்க முடியவில்லை.

“இனிமே அதுல யாரு ஏறி வரப்போறாங்க மேஸ்திரி,” என்றாள். “நல்லா முடுக்கிடுங்க. ஆடாம இருக்கட்டும்.”

ஐப்பசி கடைசியில் குடில் செட்டுகள் எல்லாம் முடிந்து ஞானதாஸின் வேனில் ஏறின. தை மாதத்துக்குள் முடிக்க வேறு ஆர்டர் தருவதாக அவர் சொன்னார். வேனில் ஏற்றும்போது பில் யார் பேரில் என்று டிரைவர் கேட்டதற்கு, “மாரியம்மாள்னு எழுதிக்குங்க, எடம் அவங்களுது” என்றாள் ப்ரியா.

வேலை தொடர்ந்தது. குளியலும் தொடர்ந்தது. அடிபம்பு சரியாகப் பலகை மாடிக்குக் கீழே இருந்தது. ராஜமாணிக்கத்துக்குப் புதுத் தளம் ரொம்பப் பிடித்துவிட்டது. சாயங்காலமானால் ப்ரியாவின் அறை வழியாகப் போய், பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காற்று வாங்குவார். அவள் திரும்பி வருகிற நேரமும் அதுதான். பலகை இடுக்கு வழியாக மேலிருந்து கீழே தெரியும். அதனால் அவள் பம்பின் கைப்பிடியில் கை வைத்ததும் அவர் இருமிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விடுவார். கம்பிக்குள் இருந்து அவர் போக அந்த அறையைத் தவிர வழி கிடையாது. மருமகள் உடுத்துகிற அறை என்பதால் அங்கேயும் நிற்க முடியாமல், முட்டிவலியோடு படி இறங்கி ஹாலுக்கு வந்து கட்டிலில் உட்காருவார். அவர் வந்து உட்கார்ந்தது தெரிந்த பிறகுதான் ஈரப் புடவையோடு அவள் உள்ளே நுழைய முடியும். அவர் இறங்கும் வரைக்கும் அவள் நடுங்கிக்கொண்டு நிற்பாள்.

கார்த்திகையில் ஒரு நாள் நல்ல தூறல். அவள் சந்து வழியாக வந்து பம்படியில் நின்றாள். மேலே நாற்காலி நகரவில்லை.

“மழையில எதுக்கும்மா தலைக்கி ஊத்தற,” என்று பலகைக்கு மேலிருந்து அவர் குரல் வந்தது. “ஒடம்பு என்னாத்துக்கு ஆவும்? அங்க போறத வுட்டுட்டா இதெல்லாம் வேணாமில்ல?”

ப்ரியா மேலே பார்த்தாள். இடுக்கில் அவருடைய வேட்டியின் கரை தெரிந்தது. கெஞ்சுகிறாரா கட்டளையிடுகிறாரா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

“அத்தைகிட்ட ஊத்த வேணாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா. சொல்றீங்களா?”

கம்பி வழியாக உள்ளே அடித்த சாரல் வார்னிஷ் போட்ட பலகையில் விழுந்து இடுக்கு வழியாகச் சொட்டியது.

“அப்ப உள்ள போங்க மாமா. நான் தலைக்கி ஊத்தணும்.”

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவள் பம்பை அடிக்க ஆரம்பித்தாள்.